மடகாஸ்கர் பிரிந்துபோன கரை

எரிமலைத் தீவு என்றால் புகை வரும், நெருப்புக் குழம்பு வழியும், தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் செயின்ட் மேரீஸ் தீவுகளில் இறங்கியதும் படகுக் காசைத் திருப்பிக் கேட்பார்கள். கர்நாடகத்தில் உடுப்பிக்குப் பக்கத்திலுள்ள மல்பே துறைமுகத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் கடலுக்குள், வடக்குத் தெற்காக வரிசை பிடித்துக் கிடக்கும் சிறு தீவுக்கூட்டம் அது. குறிப்பிடத்தக்கவை நான்கு: தென்னந்தீவு, வடதீவு, தரியாபகதூர்கட், தென்தீவு. படகு கொண்டுபோய் விடும் தென்னந்தீவின் நீளம் ஏறத்தாழ 500 மீட்டர், அகலம் 100 மீட்டர். அதன் உச்சியே கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர்தான். குடியிருப்பவர் யாரும் இல்லை. எரிமலை வாய் என்று சுட்டிக்காட்ட ஒரு பள்ளம்கூட இல்லை. தென்னை மரங்களும் சிப்பி குவிந்த கரையும் கறுத்த பாறையும்தான். ஆனால் அந்தப் பாறை முழுக்க எரிமலை கக்கியது. அது கக்கிய நாளில் அங்கே கடல் இல்லை.

நான் நிலவியல் படித்தவன் இல்லை. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். கல்லைத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்து உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வேன். அது எத்தனை கோடி வருஷத்துக் கல் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது எங்கள் சுரங்கத்துக்கு வந்துபோன ஒரு ஜியாலஜிஸ்ட் சார். மருந்து வைத்து வெடித்த பெஞ்சில், அதாவது சுரங்கப் படியில், கொத்துக் கொத்தாகச் சிப்பி தெறித்து விழும். "இதெல்லாம் கடல்யா, நீ நிக்கிறது கடலடி" என்பார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "இங்க கிழக்கே கடல் ஏறிக்கிட்டு இருந்தப்ப மேற்கே நாடே கிழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கிழிசலைப் பாக்கணும்னா மல்பேக்குப் போ." ஓய்வு பெற்ற பிறகுதான் போக முடிந்தது. வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு உடுப்பி கிருஷ்ணன், எனக்குக் கல்.

மல்பே பெரிய மீன்பிடித் துறைமுகம். வரிசையாக டிராலர்கள், ஐஸ் அரைக்கும் சத்தம், கூடை கூடையாக மத்தியும் கானாங்கெளுத்தியும். துளு, கன்னடம், கொங்கணி மூன்றும் காதில் விழும். நடுவில் திடீரென்று நம் தமிழ். ஒரு டிராலரில் வேலை பார்க்கும் கன்னியாகுமரிக்காரர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தீவைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பக்கம் எங்க போட்டு ஒட்டிப் போகாது அண்ணாச்சி. மேல தெரியுற கல்லு கொஞ்சம், தண்ணிக்குள்ள நிக்குற கல்லு நெறைய. தட்டுச்சுன்னா போட்டு தாங்காது" என்றார். சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது மிச்சம் மீதிதான் என்பதை அவர் அளவுக்கு யாரும் சுருக்கமாகச் சொல்லவில்லை.

படகு அரைமணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. இறங்கியதும் கூட்டம் நிழலையும் தின்பண்டத்தையும் தேடிப் போகும். நாங்கள் பாறை ஓரமாக நடந்தோம். என் வீட்டுக்காரி நின்றுவிட்டாள். "ஏங்க, யாரோ கோயில் கட்ட வெட்டி வச்சிட்டுப் போனாங்களா?" என்றாள். கேட்டதில் தப்பே இல்லை. நெருக்கமாக நிறுத்திய தூண்கள். ஒவ்வொன்றுக்கும் பட்டை பட்டையான முகம். மேலிருந்து பார்த்தால் தலை அறுகோணம். பக்கத்துத் தூணுக்கு ஐந்து பக்கம், அதற்கடுத்ததற்கு ஏழு. சில இடங்களில் நெட்டுக்குத்தாக நிற்கின்றன, சில இடங்களில் சாய்ந்து கிடக்கின்றன. உயரமானவை ஆறு மீட்டர் வரும். உளி பட்ட அடையாளம் எங்கும் கிடையாது. கல்லுடைத்தே காலம் கழித்தவன் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக நேர்க்கோட்டில் கல்லைப் பிளக்க எங்கள் ஆட்களில் யாராலும் முடியாது.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள கோடையில் வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பார்த்தால் போதும். வண்டல் காய்ந்து சுருங்கும்போது பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்தக் கதைதான். வண்டலில் வெளியேறுவது தண்ணீர்; எரிமலைக் குழம்பில் வெளியேறுவது சூடு. குழம்பு தரையில் பரவித் தேங்கியதும் மேற்பரப்பு முதலில் ஆறி இறுகும். ஆறுகிற கல் சுருங்கும். சுருங்க இடம் இல்லாததால் உள்ளுக்குள் இழுவிசை ஏறி வெடிப்பு விழும். குறைந்த வெடிப்பில் நிறைய இழுவிசை தீர வேண்டுமென்றால், மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் 120 பாகையில் சந்திப்பதுதான் நல்ல வழி. அப்படிச் சந்தித்துக்கொண்டே போனால் அறுகோணம் வந்துவிடும். இயற்கையில் குழம்பு ஒரே சீராக இருப்பதில்லை. அதனால்தான் ஐந்தும் ஏழும் இடையிடையே வருகின்றன.

ஏரியில் வெடிப்பு சாண் ஆழத்தோடு நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை. மேலே இறுகிய அடுக்குக்குக் கீழே சூடு இறங்க இறங்க, வெடிப்பும் அதன் பின்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஆறும் பரப்புக்குச் செங்குத்தாகவே அது இறங்கும். ஆகவே ஒரு தூண் சாய்ந்திருந்தால், சூடு எந்தப் பக்கமாக வெளியேறியது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. மெதுவாக ஆறினால் தூண் பருமனாகும், சீக்கிரம் ஆறினால் மெலியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தீவில் எனக்கு நிழல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். "தொப்பியாவது போடுங்க" என்று பின்னால் குரல் வந்துகொண்டிருந்தது.

உலகத்தில் இப்படிப்பட்ட தூண்கள் வேறு இடங்களிலும் உண்டு. வட அயர்லாந்தில் 'ஜயன்ட்ஸ் காஸ்வே' என்ற கடற்கரையில் சுமார் 40,000 தூண்கள் இருக்கின்றன. நம் நாட்டிலேயே மும்பை அந்தேரியில் கட்டடங்களுக்கு நடுவே கில்பர்ட் ஹில் நிற்கிறது. ஆனால் அவை இரண்டும் பசால்ட் என்னும் கரும்பாறை. செயின்ட் மேரீஸ் தீவுகளைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் பெரும்பாலும் இதையும் பசால்ட் என்றே சொல்லிவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் இது சிலிக்கா அதிகம் கொண்ட கல். டேசைட், ரயோலைட் என்று பிரிக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறுப்புக்குள் வெளிறிய சிறு படிகங்கள் தெரியும். சிலிக்கா கூடக் கூடக் குழம்பு கெட்டிப்படும், எளிதில் ஓடாது. பசால்ட் குழம்பு பல கிலோமீட்டர் தூரம் சரசரவென்று பரவும்; மகாராஷ்டிரத்தையே மூடிய தக்காணப் பாறைகள் அப்படி வந்தவை. இது அந்த வகையும் இல்லை, அந்தக் காலமும் இல்லை. தக்காண எரிமலைகள் வெடித்தது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மல்பே தூண்கள் அவற்றுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு மூத்தவை.

வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஜியாலஜிஸ்ட் சார் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த பகுதி. கல்லில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு தானாகச் சிதைந்து ஆர்கான் என்னும் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் பாதி சிதைய 125 கோடி ஆண்டு ஆகும் என்பது தெரிந்த கணக்கு. குழம்பாகக் கொதிக்கும்போது ஆர்கான் வெளியே போய்விடும். இறுகிய நிமிடத்திலிருந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். மாட்டிய ஆர்கானை அளந்தால் கல் இறுகி எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும். யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கும் உண்டு. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு முறையில் அளந்ததில் 8.5 கோடியிலிருந்து 9.1 கோடி ஆண்டு வரை விடை வந்திருக்கிறது. 50 லட்சம் ஆண்டு முன்னே பின்னே இருந்தால் நிலவியலில் அது பெரிய சண்டை, நமக்கு ஒன்றுமில்லை.

இந்த வயதில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பகுதி பகுதியாக உடைந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்தபோது இந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்தே வந்தன. நம் மேற்குக் கரையை மடகாஸ்கரின் கிழக்குக் கரையோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் அநேகமாக நேராக ஓடுவதைக் காணலாம். ஒரே வெட்டின் இரண்டு ஓரங்கள் அவை. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டில் நிலம் இழுபட்டு மெலிந்தது, பிளந்தது, கீழிருந்து சூடு ஏறியது. பிளவின் அந்தப் பக்கம் மடகாஸ்கரில் எரிமலைகள் வெடித்தன. கிழக்குக் கரையோரமும் தெற்கிலும் அந்தக் கல் இன்றும் பரந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் நமக்கு மிஞ்சியவற்றில் எளிதாகப் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடியது மல்பேயின் இந்தச் சின்னஞ்சிறு தீவுகள்தான்.

அடியில் சூடு ஏற்றியது எது? பூமியின் ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் நிலையாக மேலெழும் சூட்டுத் தூண் ஒன்று அப்போது மடகாஸ்கரின் தென்பகுதிக்கு அடியில் இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தட்டுகள் நகர்ந்துபோய்விட்டன. அந்தச் சூடு இன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவின் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் ஊர் கிடையாது, ஆராய்ச்சி நிலையம் மட்டும்தான். பிரிந்தபின் இந்தியா வடக்கே ஓடிய வேகம்தான் ஆச்சரியம். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. குறைவு என்று நினைக்க வேண்டாம். அந்த வேகத்தில் ஒரு கோடி ஆண்டில் 1,500 கிலோமீட்டர். போகிற வழியில் தக்காண எரிமலைகள் வெடித்தன, சீஷெல்ஸ் பிரிந்தது, கடைசியில் ஆசியாவில் மோதி இமயமலை எழுந்தது. மடகாஸ்கரின் வடமுனைக்கும் கேரளக் கரைக்கும் இன்று ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்.

மடகாஸ்கர் பிரிந்த நேரத்தில் அரியலூர், பெரம்பலூர் பக்கம் என்ன நடந்தது? கிழக்குக் கரையில் கடல் உள்ளே ஏறிக் கிடந்தது. கருடமங்கலம் பகுதியில் அந்தக் கடலடியில் படிந்த சிப்பிக்கல் இருக்கிறது. மெருகேற்றினால் உள்ளே சிப்பி ஓடுகள் வெள்ளை வெள்ளையாக மின்னும். 'டிரிச்சினாபோலி மார்பிள்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்து அலங்காரப் பொருள் செய்த கல் அதுதான். மல்பேயில் குழம்பு ஆறித் தூணான காலமும் கருடமங்கலத்தில் சிப்பி புதைந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கள் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல் இவற்றுக்குப் பிறகு, ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. ஜியாலஜிஸ்ட் சார் டீக்கடையில் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அந்தத் தீவில் நின்றபோதுதான் விளங்கியது.

சரி, எரிமலை நிலத்தில் வெடித்தது என்றால் இது தீவானது எப்படி? பாறை பழசு, தீவு புதுசு. பிளவு அகன்று கடல் புகுந்தது. சுற்றியிருந்ததெல்லாம் தேய்ந்து மூழ்கியது. கடல் மட்டம் பல தடவை ஏறி இறங்கியது. அந்தக் கணக்கும் தீவிலேயே எழுதியிருக்கிறது. நடந்துகொண்டே பார்த்தால் பாறை ஒரே சரிவாக இறங்குவதில்லை. மேலே 10 மீட்டர் உயரத்தில் ஒரு சமதளம், 6 மீட்டரில் இன்னொன்று, 3 மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையில் வேறொன்று, அலை அடிக்கும் மட்டத்தில் கடைசி. சுரங்கத்தில் நாங்கள் பெஞ்ச் வெட்டி இறங்குவது மாதிரியான இந்தப் படிகள் ஒவ்வொன்றும் கடல் நின்று அறுத்த மட்டம் என்கிறார்கள். ஒன்று நிலம் உயர்ந்திருக்க வேண்டும், அல்லது கடல் தாழ்ந்திருக்க வேண்டும்.

அந்தமான் பக்கம் பாரன் தீவில் இன்றைக்கும் புகைகிறது. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. அங்கே ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுவதால் கடலுக்குள்ளிருந்து மலை எழுந்தது. மல்பேயில் நடந்தது நேரெதிர். நிலம் பிளந்ததால் குழம்பு வந்தது. இரண்டையும் 'எரிமலைத் தீவு' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் மல்பேயில் படகுக்காக நிற்கும்போது காதில் விழுவது வேறு கதை. 'வாஸ்கோடகாமா இந்தியாவில் முதலில் கால் வைத்த இடம் இதுதான், அப்புறம்தான் கோழிக்கோடு போனார்' என்று ரொம்ப உறுதியாகச் சொல்கிறார்கள். வரிசை தலைகீழ். அவர் 1498 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் வந்தார், ஆகஸ்ட் கடைசியில் அங்கிருந்து கிளம்பினார். ஊர் திரும்பும் வழியில், செப்டம்பரில், கரையோரத்துச் சிறு தீவு ஒன்றில் சிலுவை வைத்த கல்தூண் ஒன்றை நட்டார். போர்ச்சுகல் மன்னர் கொடுத்தனுப்பிய தூண்களில் அதற்குச் சாந்தா மரியா என்று பெயர். தீவுக்குப் பெயர் வந்த கதை அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் கல்தூண் நிற்கிற இடத்தில் கப்பலில் சுமந்து வந்து இன்னொரு கல்தூணை நட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் நட்டதை இன்று பார்க்க முடியாது. ஏற்கெனவே இருந்தவை இருக்கின்றன. எட்டுக் கோடி வருஷத்துக் கதையை ஐந்நூறு வருஷத்துக் கதை மறைத்துக்கொண்டு நிற்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்தத் தீவுகளைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நம் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும், சென்னை பரங்கிமலைப் பாறையும் அதே பட்டியலில் உள்ளவைதான். அறிவித்ததோடு சரி. தூண்களின் மேல் ஏறிக் குதித்துப் படம் எடுக்கிறவர்களையும், உடைந்த துண்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்களையும் நானே பார்த்தேன். ஒருவரிடம், "தம்பி, அதை அங்கேயே வச்சிடுங்க" என்றேன். "கல்லுதானே சார்?" என்றார். நானும் காலமெல்லாம் அப்படிச் சொல்லி உடைத்தவன்தான் என்பதால் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. சிமென்ட்டுக்குக் கல் வேண்டும், அது வேறு. இங்கே எடுத்துப்போகும் துண்டு மேசை மேல் தூசி படியத்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மணற்கரை என்று பெரிதாக எதுவும் இல்லை. சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். பாசி பிடித்த பாறையில் வழுக்கி உயிர்விட்டவர்கள் உண்டு, ஆகவே காவலர் விசில் அடித்தால் மரியாதையாகத் திரும்பி வந்துவிடுங்கள். இரவு தங்க அனுமதி கிடையாது. துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வடபாண்டேஸ்வரத்துப் பலராமர் கோயில். துவாரகையிலிருந்து வந்த கப்பல் இந்த மல்பே கடலில்தான் புயலில் சிக்கியது, மத்வர் அதைக் காப்பாற்றி, அதிலிருந்த கோபிசந்தனக் கட்டிக்குள் கிருஷ்ணனைக் கண்டெடுத்தார் என்பது தலபுராணம். வீட்டில் பக்தி, கல் என்று இரு கட்சி இருந்தால் ஒரே நாளில் இரண்டும் முடியும்.

உடுப்பிக்கும் கொல்லூருக்கும் நம்மூரிலிருந்து ஏராளமான சுற்றுலாப் பேருந்துகள் போகின்றன. நடத்துகிறவர்கள் மல்பேக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை முதலில் வாரணவாசி புதைபடிம அருங்காட்சியகத்துக்கும் கருடமங்கலத்துக்கும் கூட்டிப்போய் நம் பக்கத்துக் கடலைக் காட்டிவிட்டு, பிறகு மல்பே தூண்களைக் காட்டுங்கள். ஒரே காலத்தின் இரு கரைகளையும் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். மழைக்காலத்தில், ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை, தீவுக்குப் படகு விடமாட்டார்கள். அதற்குத் தக்கபடி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.